முறை வைத்துக் கொடுத்த பேட்ஜ்

'பெஸ்ட்' என்றால் எல்லாரையும் விட மேலான ஒருத்தி. அந்த பேட்ஜைப் போய் யார் மனமும் நோகக்கூடாது என்று மாதம் ஒருத்திக்கு என முறை வைத்துக் கொடுத்தேனே, பாவி! தையல் கூடத்தின் சூப்பர்வைசர் மனதுக்குள் குமைந்தாள்.

"உன் கையால ஒரு தடவைகூட பெஸ்ட் டெய்லர் பேட்ஜ் வாங்காதவ அந்த ஜன்னலோரத்துக்காரிதான். ஆள் குறைக்கணும், அவளையே அனுப்பிடலாம். கையெழுத்துப் போடும்மா," என்றார் மேனேஜர்.

தன் முறை வரும்போதெல்லாம், "எனக்கு எதுக்குக்கா? புதுசா வந்தவளுக்குக் குடுங்க, துள்ளிக் குதிப்பா," என்று சிரித்து விலகியவள் அவள். மற்றவர்கள் கோணலாகத் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்பவளும் அவளே.

சூப்பர்வைசர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"அவதான் சார் பெஸ்ட். நான்தான் சொல்லாம விட்டுட்டேன். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."