முடியாது என்று சொல்லும் பயிற்சி

கடிதத்தை அவள் மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை படித்தால் எழுத்து மாறிவிடப் போகிறதா என்ன? நோயாளி உதவித்தொகை பெற, செய்ய முடியாத காரியங்களுக்காகப் பதினைந்து மதிப்பெண் வேண்டும். உங்கள் கணவர் பெற்றது பூஜ்யம். அவர் வேலை செய்யத் தகுதியானவர். இந்த மாதத்தோடு தொகை நிறுத்தப்படுகிறது. கீழே ஒரு கையெழுத்து. அதுவும் அச்சடித்த கையெழுத்து.

வேலை செய்யத் தகுதியானவர் அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தார். பத்தடி தூரம்தான். அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் ஒரு தொட்டி நிறையப் பாத்திரத்தைக் கழுவி முடித்துவிடுவாள்.

மனுஷன் இருபத்தாறு வருஷம் சாரம் கட்டியவர். கட்டிடம் எழும்பும்போது அதைச் சுற்றி இரும்புக் குழாயால் கூடு கட்டுவார்களே, அந்த வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் சாரக்காரர்தான். குழாய் சுமந்து சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்து, நரம்பை நசுக்கிவிட்டது. கால் மரத்துப்போனது, விரல்களில் பிடி விட்டுப்போனது. இனி மோசமாகாமல் இருக்கத்தான் ஆபரேஷன், சரியாவதற்கு இல்லை என்று மருத்துவமனையில் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். அவர் கேட்டமாதிரி தலையாட்டினார்.

"ஏங்க, அந்த டாக்டரம்மா என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். உதவித்தொகைச் சோதனை நாளன்று, அவள் வேலை பார்க்கும் சலவைக் கூடத்தில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் தனியாகத்தான் போயிருந்தார்.

"நல்ல பொண்ணும்மா. மரியாதையாத்தான் பேசுச்சு."

"மரியாதை கிடக்கட்டும். என்ன கேட்டுச்சு?"

"இருநூறு மீட்டர் நடக்க முடியுமான்னுச்சு. முடியும்னேன்."

"குனிஞ்சு எடுக்க?"

"முடியும்னேன்."

"சட்டைப் பொத்தான் போட?"

"பின்ன என்னம்மா? நம்ம பொண்ணு வயசுப் புள்ள. அது முன்னால உட்கார்ந்து, சட்டை மாட்டிவிட எனக்குப் பொண்டாட்டி வேணும்னு சொல்லவா?"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சாரக்காரர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் ஏறுவதற்கு முன்னால் மேஸ்திரி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "முடியுமா?" என்று கேட்பார். தயங்குகிறவனை ஏற்றமாட்டார். தயங்கினவன் விழுவான், விழும்போது இன்னொருவனையும் இழுத்துக்கொண்டு விழுவான். அதனால் கேட்ட மாத்திரத்தில் "முடியும்" என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும். இவர் காய்ச்சலிலும் சொன்னார், மகள் பிறந்த அன்றும் சொன்னார். இருபத்தாறு வருஷம் வாயில் ஊறிய சொல்லை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பிடுங்கி, அதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். நன்றாகப் பதில் சொன்னால் ஃபெயிலாக்குகிற பரீட்சையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். ஆணியடித்து நகர்த்த முடியாதபடி வைத்த நாற்காலிகள், கயிற்றில் கட்டிப்போட்ட பேனா. நோயாளிகள் கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "உங்க வீட்டுக்காரர் ஆரோக்கியமா இருக்கார்மா. வேலையில்லாதவங்க கவுண்டருக்குப் போங்க" என்றார். அங்கே இருந்தவள், "இவருக்கு நோய் இருக்குன்னு பழைய பதிவு இருக்கே. தகுதிச் சான்றிதழ் இல்லாம வேலை தேடுறவர்னு பதிய முடியாது" என்றாள். இரண்டு கவுண்டர் கண்ணாடிக்கும் நடுவே மதியம் வரை அவளைப் பந்தாடினார்கள். ஒருவர் சோற்றுக்கு எழுந்து போனார். உழைக்கவும் லாயக்கில்லை, படுக்கவும் லாயக்கில்லை என்று ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டு வாடகையை அவள் ஒருத்தி சம்பளத்தில் கட்ட முடியாது. முறையீட்டு மனு போடலாம், அதில் தோற்றால் அவ்வளவுதான், வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மனு போட்டாள். விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. அன்று சாயங்காலமே பயிற்சியை ஆரம்பித்தாள்.

சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்தாள். "மாடிப்படி ஏற முடியுமா?"

"பிடிச்சிக்கிட்டு ஏறினா..."

"பிடிச்சிக்கிட்டு கிடிச்சிக்கிட்டெல்லாம் வேணாம். முடியாது. சொல்லுங்க."

"மெதுவா ஏறலாம்மா."

"ஐயோ, வாடகையே உங்க வாயிலதாங்க இருக்கு!"

கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் தினமும் சொல்லிக்கொடுத்தாள். சிலநாள் இரண்டுபேரும் சிரித்தார்கள். சிலநாள் அவர் எழுந்து போய்விட்டார், போகவே ஐந்து நிமிஷமாகும் என்பதால் அந்தக் கோபமும் எடுபடவில்லை.

விசாரணை அறையில் மூன்றுபேர் இருந்தார்கள். தலைவியாக இருந்த அம்மா நடுவில். மேஜைமேல் தண்ணீர், குரலைப் பதிவுசெய்ய ஒரு கருவி. மனைவி பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது என்றார்கள். வாயைத் திறக்காதே என்று அவளிடம்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருநூறு மீட்டர் நடக்க முடியுமா?"

அவர் முதுகு நிமிர்ந்தது. பழைய புத்தி வந்துவிட்டது, போச்சு என்று அவள் நினைத்தாள்.

"முடியாது" என்றார்.

"பொத்தான்?"

"முடியாதுங்க. வீட்டுல போட்டுவிடுவாங்க."

"கழிப்பறைக்குப் போனா, சுத்தம் செஞ்சுக்க?"

இந்தக் கேள்வியை அவள் வீட்டு மேஜையில் கேட்கவில்லை. கேட்க அவளுக்கே மனசு வரவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெல்ல ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பதிவாகல" என்றாள் தலைவி.

பின்னால் இருந்த மனைவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கருவியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தால் என்ன? முப்பது மாடி உயரத்தில் நின்று ஊருக்கே கேட்கக் குரல் கொடுத்த மனுஷனைச் சத்தமாகச் சொல்லச் சொல்கிறார்கள்!

"முடியாதுங்க" என்றார் அவர், சத்தமாக. "அவதான் கழுவிவிடுறா."

மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதின. அரைமணி நேரம் வெளியே காக்கவைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். பதினெட்டு மதிப்பெண். தொகை தொடரும். ஒரு வருஷம் கழித்து மறுபடி சோதனை. வாழ்த்துகள் என்று வேறு சொன்னாள் தலைவி.

பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பலகையில் உட்காரவைத்தாள். வாடகை தப்பித்தது. அவளுக்குச் சந்தோஷம், அதைவிட அதிகமாக ஆத்திரம். "ஜெயிச்சிட்டோங்க" என்றாள். "பதினஞ்சு கேட்டாங்க, பதினெட்டு வாங்கிட்டீங்க."

அவர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டிடமும் எழும்பவில்லை, வெறும் மதில்தான்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே?" என்றார்.

"இல்லீங்க. எல்லாம் நெசந்தான்."

"இத்தனை நாள் மனசுக்குள்ள, அடுத்த மழைக்குள்ள மறுபடி சாரம் ஏறிடலாம்னு நெனச்சிக்கிட்டிருந்தேம்மா. வாய்விட்டுச் சொன்னப்புறந்தான் எனக்கே காதுல விழுந்துச்சு. இனிமே நான் ஏறவே போறதில்ல, இல்ல?"

பேருந்து வந்தது. அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"ஏறப்போறதில்லீங்க" என்றாள்.