பத்தாவது வளைவில் படகு

பதினோரு மணி நேரம் இருபது நிமிடமாகப் படகு போடிமெட்டுச் சாலையின் பத்தாவது வளைவில் நிற்கிறது. காலை நாலு மணிக்கு டிரைவர் மன்சூர் படகேற்றிய லாரியைத் திருப்பியபோது, பின்னால் எட்டடி நீட்டிக்கொண்டிருந்த படகின் வால் பாறைப்பக்கம் போனது. வாலில் கட்டியிருந்த டயர் முட்டியதால் கீறல் இல்லை. ஆறு முறை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை. கீழே இறங்க, படகை வாங்கிய தங்கபாண்டி சம்மதிக்கவில்லை.

"பஸ்சே ஏறுது, போட்டு ஏறாதா?" தூத்துக்குடியில் இந்தப் பழைய மீன்பிடிப் படகைப் பார்த்த அன்று அவன் சொன்னது இதுதான். நடுவில் சின்ன அறை, அதைச் சுற்றி ஆள் நடந்து வர இடம். நாலு தடவை சுற்றி நடந்தான். அகலத்தை அளந்தான். நீளத்தை அளக்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறவன். மேட்டுக்கு அந்தப் பக்கத்து அணையில் படகை விட்டு, சுற்றுலா வருகிறவர்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போவானாம்.

அதற்காகக் குரங்கணிக்கு மேலே இருந்த ஏலத்தோட்டத்தை விலை பேசினான். அவன் மனைவி காளீஸ்வரிக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த தோட்டம். பட்டா சோலி என்று கூட்டிப்போய், நாலு பேர் முன்னால் விற்பனை ஒப்பந்தத்தை நீட்டினான். ஆட்கள் முன்னால் அவளுக்கு வாய் வராது. அது தெரிந்துதான் நீட்டினான். கையெழுத்துப் போட்டாள். முன்பணம் படகானது. கிரயம் அடுத்த வாரம்.

கீறல் விழாமல் கொண்டுவந்தால் பதினைந்து நாளைக்குள் படகைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக விற்றவர் சொல்லியிருந்தார். இன்று நான்காவது நாள். படகு திரும்பினால் முன்பணத்தைக் கொடுத்துத் தோட்டத்தை மீட்கலாம். காலையிலிருந்து காளீஸ்வரி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி சுவரோரம் நிற்கிறாள்.

ஏலக்காய் பறிக்கும் பெண்களோடு இறங்கிய எஸ்டேட் ஜீப்பு ஒன்று லாரியருகே மெதுவானது. காலையில் ஏறும்போதும் இதே பெண்கள்தான் சிரித்தார்கள்.

"என்னண்ணே, இங்கேயே நங்கூரம் போட்டாச்சா?" என்றாள் சிலமலைச் செல்லத்தாய். "மீனு மாட்டுனா ரெண்டு கொண்டா!"

தங்கபாண்டிக்கு முகம் கறுத்தது. ரம்பத்தை எடுத்தான்.

"வால்ல மூணடி அறுத்துரு மன்சூரு. மேல போயி ஒட்டிக்கிருவோம்."

"அறுத்தா அது போட்டு இல்லண்ணே, தொட்டி. அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அவகிட்ட என்ன கேக்குற? பன்னெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. அப்பறம் எப்படி ஏறும்?"

காளீஸ்வரிக்குக் காது சுட்டது. நீளத்தை அளக்காதவன் அவன். ஏறாதது அவள் முகத்தாலா?

மன்சூர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தங்கபாண்டியே ஏறிப்போய் டயர்க் கயிற்றை அறுத்தான். டயர் விழுந்து, துள்ளி, ஒன்பதாவது வளைவை நோக்கி உருண்டது. ஜீப்பில் சிரிப்பு வெடித்தது. ரம்பம் படகின் வெள்ளை விளிம்பில் போய் உட்கார்ந்தது.

"ஏங்க."

இவ்வளவு சத்தமாக அவள் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. ஜீப்பில் சிரிப்பு நின்றது. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்தாள்.

"அணையில வெளியாளு போட்டு விடக்கூடாதுன்னு அணை ஆபீசுலருந்து லெட்டர் வந்து ஒம்பது நாளாச்சு. நீங்க இத வாங்குறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. உங்க மேல இருந்த கோவத்துல நான்தான் மறைச்சு வச்சேன்."