ராஜாத்தி வாசலில் வேப்பிலை

"ஓடு மாத்துங்கன்னு எத்தனை வருசமாக் கத்துறேன்! அப்பல்லாம் காது கேக்கல. வீட்டக் காலி பண்ணுன்னு சொல்ல மட்டும் இப்ப வாய் வந்துருச்சாக்கும்?"

ராஜாத்தி போட்ட சத்தத்தில் என் கோழிகள்கூட மேய்வதை நிறுத்திவிட்டன. நான் எதிர்வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே ஆய்ந்த கீரைதான், அதனாலென்ன.

"இந்தாத்தா, என் வீடு, நான் விப்பேன்" என்றார் பால்பாண்டி, பைக்கை விட்டு இறங்காமலே.

"அப்ப எனக்கே குடுங்கண்ணே. நான் வாங்கிக்கிறேன்."

"தையல் மிசினை மிதிச்சே வீடு வாங்கிருவியாக்கும்?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கம்பத்தில் எங்கள் தெருவில் அவருக்கு நாலு லைன் வீடு. குடியிருப்பு தேனியில். வாடகை வாங்க வருவாரே தவிர, வெள்ளையடிக்க வந்ததில்லை. ஒழுகல் தாங்காமல் மூன்று வீடு காலி. ராஜாத்தியும் மகள் வேல்விழியும் மட்டும் நகரவில்லை. தெருப் பெண்களின் ஜாக்கெட் எல்லாம் அவள் கையில். இடம் மாறினால் பிழைப்பு போய்விடும்.

முதலில் மருமகன் மதன்குமாருக்குக் கொடுத்துப் பார்த்தார். "கக்கூஸ் எங்க மாமா?" என்று கேட்டவர், பதில் வருமுன் காரில் ஏறிவிட்டார். ஒத்திக்கு வந்தவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே திரும்பினார்கள். கடைசியில் குமுளி ஏலக்காய் வியாபாரி மலைச்சாமி குடோனுக்குக் கேட்டார். நாலும் காலியாக வேண்டும் என்றார்.

அவர் பார்க்க வந்த அன்று ராஜாத்தி வாசலில் வேப்பிலை தொங்கியது. மகளுக்கு அம்மையாம். "ஆத்தா இறங்கட்டும், பெறகு பாப்போம்" என்று தெருவிலேயே கும்பிட்டுத் திரும்பினார் மலைச்சாமி. அடுத்த மாதம் வந்தார். மறுபடி வேப்பிலை.

"இப்ப எனக்கு" என்றது உள்ளிருந்து ராஜாத்தியின் குரல்.

"வேசமா போடுற?" பால்பாண்டி வேப்பங்கொப்பைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தார். மலைச்சாமி திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார்.

ராஜாத்தி நிலைப்படிக்கு வந்து நின்றாள். "நல்லாப் பிச்சுப் போடுங்கண்ணே. வீரபாண்டி மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்க அண்ணி காப்புக் கட்டியிருக்காக. நீங்க செஞ்சத நீங்களே சொல்லுறீகளா, நான் போன் போடவா?"

அவளுக்கு எதற்குச் சிரமம் என்று நானே போட்டிருந்தேன்.

அவர் மனைவி ஜக்கம்மா சொன்னது தேனித் தெருவுக்கே கேட்டதாம்: "ஆத்தா கொப்பப் பிச்ச கையோட இந்த வாசல மிதிக்காதீக. அந்த வீட்ட அவளுக்கே எழுதிக் குடுத்துட்டு வாங்க!"

எழுதிக் கொடுத்தார். ராஜாத்தி சீட்டை எடுத்து, தோட்டையும் அடகு வைத்து வாங்கினாள். அம்மை நிஜமா என்று கேட்பவர்களுக்கு: கொப்புளம் எதையும் நான் பார்க்கவில்லை. வேப்பமரம் என் கொல்லையில் நிற்கிறது, அதை மட்டும் சொல்வேன்.

மலைச்சாமி போடியில் குடோன் பிடித்தார். மதன்குமார் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். மிச்ச மூன்று வீட்டுக்கும் பால்பாண்டி இன்னும் ஆள் தேடுகிறார். ராஜாத்தி வாசலைக் கடக்கும்போது மட்டும் பைக்கை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். ஓடு மாற்ற வந்த அருண்பாண்டிக்கு அந்தச் சின்னக் கூரைக்கு ஏன் அவ்வளவு நாள் பிடித்தது என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆவணியில் வேல்விழியைக் கட்டிக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போய்விட்டான்.