விரால் மட்டும்

விடிந்தும் விடியாத நேரத்தில் சௌந்தரம் ஏரிக்குள் முழங்கால் அளவு இறங்கி நின்றாள். குளிக்க விளாவி வைத்த தண்ணீர் மாதிரி சுட்டது. விடியற்காலையிலாவது ஏரி சில்லென்று இருக்கும் என்று நம்பிப் பழகிய கால்; இந்தக் கத்திரி வெயிலில் அந்த நம்பிக்கையும் போயிற்று. எதிரே, மதகிலிருந்து கருவேலங்காடு வரை, வளர்ப்பு மீன்களான கட்லாவும் ரோகுவும் செத்து, வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஆடியில் வலை போடுவதாக இருந்தார்கள்.

குஞ்சு விடுவது, தீனி, காவல் எல்லாம் அவள் பொறுப்பு. புருஷன் போன பிறகு மீனவர் சங்கம் அவளை நம்பிக் கொடுத்த வேலை.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சங்கச் செயலாளர் ராஜேஷ், அவளுடைய அண்ணன் மகன், வரப்போகும் மீன்வளத்துறை அதிகாரியிடம் கொடுக்க, பைக் சீட்டின் மேல் தாளை வைத்து மனு எழுதிக்கொண்டிருந்தான். ஏரிக்கு மேலே மேட்டில் தோல் பதனிடும் ஷெட் இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கம் மீன் செத்தால் எந்த வாசலில் போய்க் கத்த வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பக்ரீத் லீவு. ஷெட்ல ஈ காக்கா இல்ல. இதான் சமயம்னு கழிவுத் தண்ணிய தொறந்து வுட்டுட்டான் கலீமுல்லா. கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட் சாவி அவங்கிட்டதான இருக்குது? நீ காவக்காரி, நீ மொத கையெழுத்து போட்டாத்தான் எடுபடும் அத்தை."

"தொறந்தத நீ பாத்தியா?"

"பாக்கணுமா இன்னா? அவன் வூட்லேர்ந்து தூக்குல குர்பானி கறி வந்துச்சே, அதான் உனக்கு வாய் வரல."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கழுவாத அந்தத் தூக்கு இன்னும் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது.

அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் கலீமுல்லா அதற்குள் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டான். பண்டிகைச் சட்டையைக் கழற்றவில்லை.

"சௌந்தரக்கா, வால்வுல வெச்ச சீலு அப்டியே கீது. வந்து பாருங்க. என் பேரு இதுல ஏறிச்சுன்னா இனிமே எந்த ஷெட்லயும் என்னைச் சேக்க மாட்டாங்கக்கா."

அவள் தண்ணீரையே பார்த்தாள். கோரைத் தண்டுகளில் நத்தைகள் தண்ணீரை விட்டு மேலேறி ஒட்டியிருந்தன. கரைச் சேற்றில் நண்டுகள் வரிசையாக ஒதுங்கியிருந்தன. செத்த மீன்களுக்கு நடுவே பளக்கென்று ஒரு கறுத்த தலை எழுந்து, காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டு அமுங்கியது. விரால்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில் நிஜமாகவே ஷெட்டிலிருந்து கழிவுத் தண்ணீர் வந்தது. அன்றைக்கு விராலும் மிஞ்சவில்லை, தவளை, தண்ணீர்ப் பாம்பு, நத்தை எதுவும் மிஞ்சவில்லை. இப்போது செத்ததெல்லாம் தண்ணீரிலேயே மூச்சு வாங்குகிற மீன்கள். மேலே வந்து மூச்சு வாங்கத் தெரிந்தது உயிரோடு இருக்கிறது.

இது ஒரே நாளில் வந்ததில்லை. நாலைந்து கோடையாகவே ஏரி சீக்கிரம் வற்றி, மிஞ்சின தண்ணீர் பெயின்ட் மாதிரி பச்சையாகத் தடித்துக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர்ப் பூச்சிகள் குறைந்தன. பிறகு அதைத் தின்னும் அயிரையும் பொடிக்கெண்டையும் காணாமல் போயின. பொடிமீன் இல்லாத ஏரிக்கு நீர்க்காகம் எதற்கு வரும்? அவள் எல்லாவற்றையும் கவனித்தாள். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நாலு நாளாக விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பசி என்று நினைத்தாள். கோடைக் கடைசியில் கோழி எரு கொட்டினால் தண்ணீரில் பாசி பிடித்து மீனுக்குத் தீனியாகும். புருஷன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். முந்தாநாள் சாயங்காலம் கொட்டினாள். ஏற்கெனவே வெந்து கிடந்த தண்ணீரில் அது ஊறி அழுகி, மிச்சமிருந்த மூச்சையும் குடித்திருக்கிறது.

"ராஜேஷு, அந்தப் பேர அடி."

"இன்னாத்துக்கு?"

"வெசம்னா விரால் இருக்குமா? நத்தை ஏறுமா? தண்ணி சூட்டுல மூச்சு முட்டித்தான் மேல வந்துச்சுங்க. பசின்னு நெனச்சி ரெண்டு டிரெய்லர் எருவக் கொட்னது நான்."

ராஜேஷ் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "பைத்தியமா உனக்கு? ஷெட்டுன்னா நஷ்டஈடு கேக்கலாம். வெயில் மேல எவங்கிட்ட போய் மனு குடுக்கறது? உன்னியத்தான் வேலைய வுட்டு எடுப்பாங்க."

"எடுக்கட்டும். யாரு காவலுக்கு வந்தாலும் அடுத்த வருசமும் இதே தண்ணிதான்டா."

அவன் பேரை அடிக்கவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கரை முனையில் அதிகாரியின் ஜீப் கிளப்பிய புழுதி தெரிந்தது. பொழுது இன்னும் ஏறவில்லை. அதற்குள் முதுகு எரிந்தது.

சௌந்தரம் கோணியை விரித்து மீன்களை அள்ள ஆரம்பித்தாள். கலீமுல்லா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதே பண்டிகைச் சட்டையோடு இறங்கி வந்து கோணியின் மறுமுனையைப் பிடித்தான். தண்ணீர் பட்டதும் "யா அல்லாஹ்" என்று காலை ஒருமுறை தூக்கிவிட்டு மறுபடி ஊன்றினான்.

இருவருக்கும் நடுவே விரால் எழுந்தது. ஒரு வாய் காற்று. அது அமுங்கிய இடத்திலிருந்து விரிந்த வளையம், வெள்ளை வயிறுகளை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டு ஜீப் வரும் கரையை நோக்கிப் போனது.