தண்ணீர் காலி செய்த அறை

1

நன்றி சொல்ல உட்கார்ந்தேன். யாருக்கு என்று தெரியவில்லை. அப்படித்தான் இந்தக் கதை பிறந்தது. முதல் வரி இப்படி இருந்தது: ‘கானின் என்னும் மலையின் வயிற்றுக்குள், இருளின் அரசியாகத் தில்கா…’

அடித்துவிட்டேன். படித்தால் சிரிப்பாள். தில்கா எங்கள் போவெட்ஸ் ஊரின் பல் மருத்துவர். விடுமுறை நாட்களில் என்னோடு குகைகளுக்குள் இறங்குவாள். அவ்வளவுதான்.

2

ஆகஸ்டில் இருவரும் இறங்கினோம். மேலே இடித்த இடி எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி ஏறவேண்டிய செங்குத்துக் குழியில் திடீரென்று அருவி கொட்டியது. ஏறிவிடலாம் என்று நான் கயிற்றைப் பிடித்தேன்.

“விடுடி அதை! நடுவுல தொங்கிக்கிட்டே விறைச்சுப் போயிருவ.”

“இங்க நின்னா மூழ்கிருவோம், தில்கா!”

“அதுக்குத்தான் மேல போறோம். ஏறு.”

பக்கச் சுவரில் சற்று மேலே இருந்த ஒரு பொந்துக்குள் என்னைத் தள்ளினாள். உள்ளே காய்ந்த அறை.

[இங்கே சுண்ணாம்புக்கல் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். மிச்சம் இது: மழைநீர் மண்ணின் மூச்சை வாங்கிக் கொஞ்சம் புளித்துப்போகிறது, அந்தப் புளிப்பு கல்லைக் கரைக்கிறது. விரிசல் வழியாகிறது, வழி கூடமாகிறது. பிறகு தண்ணீர் இன்னும் தாழ்வான பாதை கண்டு இறங்கிப்போகிறது. நாங்கள் ஒண்டியது அது எப்போதோ காலி செய்த வீடு.]

3

லோவ்ரோவை என்ன செய்வது? தில்காவை விவாகரத்து செய்த கணவரே காப்பாற்ற வந்தால் எந்த வாசகர் நம்புவார்? அவரைத் தில்காவின் அண்ணனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. எங்கள் மீட்புக் குழுவின் தலைவர் அவர்தான்; நான் என்ன செய்ய? ரொட்டிக் கடைக்குள் அவர்களில் ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியேறுவார். பல வருடங்களாக அப்படித்தான்.

அறையில் ஒரே போர்வைக்குள் நடுங்கினோம். தில்கா வால்நட் ரொட்டியைப் பிய்த்து என் வாயில் திணித்தாள்.

“அழாதடி நேஷா. ஏற்கெனவே இங்க தண்ணி ஜாஸ்தி.”

“யாராவது வருவாங்களா?”

“லோவ்ரோ வருவான்.”

“அவரா? உன்கிட்ட பேசறதே இல்லையே!”

“பேசமாட்டான். வருவான்.”

தண்ணீர் பொந்தின் விளிம்புவரை ஏறியது. தில்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பயம் என்று அப்போதுதான்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

4

தண்ணீர் ஏறுவது நின்றது, மெல்ல வடிந்தது. காலையில் குழிக்குள் ஒரு குரல்.

“தில்கா! உயிரோட இருக்கியா?”

“இருக்கேன்! கத்தாத, கல்லு விழும்!”

இத்தனை வருடங்களுக்குப் பின் அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான்.* 

* அழகாக்க முயன்றேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும்.

5

முடிவு ஒன்று: கட்டித் தழுவிக்கொண்டார்கள். பொய். முடிவு இரண்டு: கைகுலுக்கிப் பிரிந்தார்கள். இதை எழுத எனக்கு மனமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். லோவ்ரோ எங்களைக் குகையிலிருந்து வெளியே ஏற்றியபின், மலையிலிருந்து இறங்க ரோப் கார் நிலையத்துக்கு வந்தோம். மூவரும் ஒரே பெட்டியில் ஏறினோம். கதவு மூடும் நேரத்தில் நான் வெளியே குதித்தேன்.

“நீங்க போங்க, ஷூ கயிறு அவுந்துருச்சு!”

“ஏய் நேஷா, என்ன விளையாட்டு இது?” என்றார் லோவ்ரோ. கதவு மூடிக்கொண்டது.

என்னால் செய்ய முடிந்த நன்றி அதுதான்.

அடுத்த பெட்டியிலிருந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தலைகள், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி. பாதி வழியில் ஒரு தலை திரும்பியது. யாருடையது என்று நான் பார்ப்பதற்குள் அவர்கள் பெட்டி மேகத்துக்குள் போய்விட்டது.

கீழே போய் நான் எதுவும் கேட்கவில்லை. மேகத்துக்குள் என்ன நடந்தது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் இரக்கத்தோடு எழுதுங்கள்.