கறுப்புக் கட்டத்தில் கார்குழலி

1

எங்கள் தெருவில் ஒரு கன்டெய்னர் லாரி கேபிள் ஒயரை இழுத்து அறுத்துவிட்டுப் போயிற்று. இன்டர்நெட் இல்லை, பொழுதும் போகவில்லை. அதனால் எழுத உட்கார்ந்த கதை இது. இதைவிடக் கௌரவமான காரணம் என்னிடம் இல்லை.

'கார்குழலி மெல்ல ஜன்னலைத் திறந்து…' (வேண்டாம். திறந்தால் நிலக்கரித் தூசுதான் வரும்.)

2

கார்குழலி காலடிப்பேட்டையில் இருக்கிறாள். எண்ணூர் முகத்துவாரத்து நண்டுகளில் ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் பட்டத்துக்காக ஆராய்கிறாள். கூட்டாளிகள் நால்வரும் நாலு நாட்டில். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. கூட்டமெல்லாம் லேப்டாப்பில்தான். குரலாவது ஒழுங்காகப் போகட்டும் என்று கேமராவை அணைத்துவிடுவாள். அவர்களுக்கு அவள், பேர் எழுதிய ஒரு கறுப்புக் கட்டம்.

(முதல் வரைவில் அவளுக்கு ஒரு தோழியைக் கொடுத்திருந்தேன். கதை கலகலப்பாகிவிட்டது. தோழியை எடுத்துவிட்டேன். அந்தப் பாவம் என்னைச் சேரும்.)

அன்றைக்குக் குழுத் தலைவர் கேட்டார்: முகத்துவாரத்து எண்கள் நம்பமுடியாத அளவு அதிகம், கருவிக் கோளாறாக இருக்கும், கட்டுரையிலிருந்து நீக்கிவிடலாமா?

அவள் திரும்பத் திரும்பச் சோதித்த எண்கள். அந்த நண்டைத்தான் ஊரே குழம்பு வைக்கிறது. மூச்சுவிடாமல் பேசினாள். திரையில் முகங்கள் அசையாமல் நின்றன. அவள் வீட்டில் அது வழக்கம்தான், குரல் எப்படியோ போய்ச் சேரும். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பாடா, ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்தாள்.

முகங்கள் அசையவே இல்லை. கேபிள்காரர் கோதண்டத்துக்குப் போன் போட்டாள்.

"கோதண்டண்ணா, லைன் கீதா?"

"இல்லமா. லாரிக்காரன் ஒயர அத்துகினு பூட்டான். அர மணி நேரம் ஆச்சு."

"அப்போ நான் இத்தினி நேரம் யாராண்ட பேசிகினு இருந்தேன்?"

"அத்த என்னாண்ட கேட்டா நான் இன்னாமா சொல்வேன்?"

3

போனில் மெயில் வந்தது. 'நீங்கள் மறுப்பு எதுவும் சொல்லாததால் அந்த எண்களை நீக்கிவிட்டோம். நன்றி.' பதறிப்போய் மறுத்து எழுதினாள். மரியாதையான பதில்: 'மற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள். விரும்பினால் உங்கள் பேரை எடுத்துவிடுகிறோம். நாளைக்குள் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பேர் அப்படியே இருக்கும்.'

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதைக் காட்டவும் வீட்டில் ஆளில்லை.

பேரை எடுக்கச் சொல்கிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். கட்டுரை இல்லாமல் டாக்டர் பட்டம் போயிற்று, அவ்வளவு வருஷ உழைப்பும் போயிற்று. இருக்கட்டும் என்கிறாள் என்று இன்னொன்று எழுதினேன். நண்டில் குறையில்லை என்று அவள் பேர் போட்ட கட்டுரையிலேயே உலகம் படித்தது. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

இனி உங்கள் பாடு. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினால், அவள் பேர் அந்தக் கட்டுரையில் இருக்கும்.