பிரேமலா என்ன சொல்லியிருப்பாள்

குணாளன் எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். ஒரு குவளை மைலோ கலக்கி, நின்றபடியே குடித்தான். குவளையைக் கழுவிக் கவிழ்த்தான். கொடியில் காய்ந்த துணியை எடுத்து, மடிக்காமல் நாற்காலியில் போட்டான். செனாய் தொழிற்சாலையில் அன்று அவனுக்கு வேலை இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூலாய்க்குக் கிளம்பினான்.

அங்கே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேர் அவனுக்காகக் காத்திருந்தார்கள். இருவருக்கும் வேண்டியது அவன் சம்மதம்.

அவன் மனைவி பிரேமலா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவள். தினமும் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டி அலுத்துப்போய் ஒரு செயலி எழுதினாள். சாலைக் கேமராப் படங்களைப் பார்த்து, எப்போது கிளம்பினால் சீக்கிரம் கடக்கலாம் என்று அது சொல்லும். அதன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டாள். எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். தன் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. உரிமத்தில் அவள் போட்ட நிபந்தனை அவ்வளவுதான். மார்ச் மாதம் டெங்கிக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அதன் பிறகு ஒரு நிறுவனம் அந்த நிரலைத் தன் செயலிக்குள் போட்டுக்கொண்டது. பெயரை அழித்துவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவர்கள் அவள் இருந்த கட்டற்ற மென்பொருள் குழுக்காரர்கள். கண்டுபிடித்த கையோடு தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். உரிமத்தைக் கடுமையாக்க வேண்டும், எடுப்பவன் தன் நிரலையும் திறக்க வேண்டும் என்றாள் நிக்கோல். திறந்தது திறந்ததுதான், ஒரு பெயருக்காகச் சண்டைக்குப் போனால் நாளைக்கு எந்த நிறுவனமும் நம் பக்கம் எட்டிப் பார்க்காது என்றான் ரூபேந்திரன். உரிமத்தை மாற்றவோ, பெயரை விட்டுக்கொடுக்கவோ எழுதியவள்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் இல்லை. அந்த உரிமை குணாளனுக்கு வந்திருந்தது.

கடையில் ரூபேந்திரன் மூன்று கிளாஸ் தே தாரிக் டீ சொன்னான். நிக்கோல், பிரேமலா என்றோ குழுவில் எழுதிய பதிவைக் கைப்பேசியில் காட்டினாள். ரூபேந்திரன் அதற்கு நேர்மாறான இன்னொரு பதிவைத் தேடி எடுத்தான். குணாளன் நடுவில் உட்கார்ந்திருக்க, இருவரும் அவன் தலைக்கு மேலே சுதந்திரம், நியாயம், இணையப் பண்பாடு என்று வாதாடினார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவளை நிறுத்தினார்கள்.

“அக்கா இருந்திருந்தா பேரு போனா போகட்டும்னுதான் சொல்லியிருப்பாங்க லா, அண்ணே,” என்றான் ரூபேந்திரன்.

அக்கா. குணாளனுக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவள் வார்டில் கிடந்த வாரம் பாலத்தில் கேமராவை மாற்றியிருந்தார்கள். செயலி தப்புத் தப்பாக நேரம் காட்டியது. குழுவில் ஏசினார்கள். கையில் ஊசியோடு அவள் அதையெல்லாம் படித்தாள். உடம்புக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

“ஆளே காணோம், பொறுப்பில்லாத வேலைன்னு போட்டது யாரு, ரூபன்?”

ரூபேந்திரன் கிளாஸைத் தள்ளி வைத்தான். “அப்ப எங்களுக்குத் தெரியாது லா.”

“கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“நான் அப்படி எழுதலண்ணே,” என்றாள் நிக்கோல்.

“எழுதல. கீழ கட்ட விரலத் தூக்கிக் காட்டுன.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. குணாளனுக்கு இரக்கம் வரவில்லை.

உயிரோடு இருந்தபோது அவள் ஓர் இலவச வேலைக்காரி. செத்த பிறகு சாட்சி. வாய் திறந்து மறுக்க முடியாத சாட்சி என்பதால் ஆளுக்கொரு பேச்சை அவள் வாயில் வைத்துவிடலாம்.

“உரிமத்த மாத்த மாட்டேன். பேரயும் விட மாட்டேன்,” என்றான். “அவ எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். பேர வைக்கச் சொல்லி கம்பெனிக்கு நானே எழுதுறேன். வைக்கலன்னா வக்கீல்கிட்ட போறேன். இனிமே அவ இப்படி சொல்லியிருப்பா, அப்படி சொல்லியிருப்பான்னு யாரும் எங்கிட்ட வராதீங்க.”

எழுந்துவிட்டான். நிக்கோல் மெதுவாகக் கேட்டாள், இதைப் பற்றி அக்கா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று.

இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடைசி நாள், பார்வையாளர் நேரம் முடிந்து தாதி அவனை வெளியே போகச் சொன்னபோது, பிரேமலா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“கால் ரொம்ப குளுருது, குணா. நாளைக்கு வரும்போது சாக்ஸ் எடுத்துட்டு வாங்க. உங்களோடத. என்னோடது இறுக்குது.”